கம்பி வராத வீட்டுக்கு டவர் வந்த கதை

"வீட்டில் நெட் இருக்கா?"

2005ல் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். தெருக் கம்பத்தில் இருந்து ஒரு டெலிபோன் ஒயர் வீட்டுக்குள் வந்து, மோடம் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகிறதா என்பதுதான் அது. இன்று இதே கேள்வியைக் கடலூர் முதுநகரிலோ சிதம்பரம் அண்ணாமலை நகரிலோ கேட்டால், பெரும்பாலும் "எந்த சிம் போட்டிருக்கீங்க?" என்ற பேச்சில்தான் போய் முடியும். கம்பி என்ற பேச்சே வராது.

இது கடலூர் மாவட்டத்துக்கு மட்டுமான நிலைமை இல்லை. டிராய் 2024ல் வெளியிட்ட கணக்குகளின்படி இந்தியாவில் சுமார் 94 கோடி பிராட்பேண்ட் இணைப்புகள். அதில் கம்பி வழியாக வருபவை 4 கோடியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நூற்றுக்கு ஐந்துகூட இல்லை! மேலை நாடுகளில் முதலில் கம்பி வந்தது, அப்புறம் செல்போன் வந்தது. வீட்டில் இரண்டும் இருக்கும். இங்கே கம்பி வந்து சேர்வதற்குள் செல்போன் வந்துவிட்டது. இது எப்படி நடந்தது, இதில் கிடைத்தது என்ன, போனது என்ன என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

டயல்-அப் காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இன்டர்நெட் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் மூலம் வந்தது. முதலில் சென்னை போன்ற பெருநகரங்களில் மட்டும். 1998 நவம்பரில் தனியாருக்கும் கதவு திறந்தது. அதன் பிறகுதான் சின்ன ஊர்களுக்கு டயல்-அப் பரவியது. 04142 கடலூர், 04144 சிதம்பரம். இந்த எஸ்டிடி கோடுகள் மனப்பாடமாக இருந்த காலம் அது. நெட் போட்டால் போன் எங்கேஜ்டு. போன் வந்தால் நெட் கட். ஒவ்வொரு நிமிடமும் டெலிபோன் பில்லில் ஏறும்.

அதனால் பெரும்பாலானோருக்கு நெட் என்பது வீட்டில் இல்லை, பிரௌசிங் சென்டரில்தான் இருந்தது. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, மரத்தடுப்புக்குள் உட்கார்ந்து ரிசல்ட் பார்த்துவிட்டு வந்த தலைமுறை அது. பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் என்பதால் சிதம்பரத்தில் அந்தக் கடைகளுக்கு எப்போதும் வேலை இருந்தது.

நெல்லிக்குப்பத்தில் ஒரு முன்னோட்டம்

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கம்பி இல்லாமல் இன்டர்நெட் கொடுக்கும் முயற்சி இந்தப் பக்கத்தில் ஜியோவுக்கு 15 வருடம் முன்பே நடந்திருக்கிறது.

கடலூருக்கு வடக்கே, புதுச்சேரி பக்கத்துக் கிராமங்களில், 1998ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் மையங்களைத் தொடங்கியது. டெலிபோன் சரியாகக் கிடைக்காத இடங்களில் ரேடியோ அலை மூலம் தகவல் அனுப்பினார்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தை இன்டர்நெட்டில் பார்த்து, மீனவர்களுக்கு லவுட் ஸ்பீக்கரில் அறிவித்தார்கள்.

அடுத்தது கடலூரில் இருந்து பண்ருட்டி போகும் வழியில் உள்ள நெல்லிக்குப்பம். ஈஐடி பாரி சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு 'கார்டெக்ட்' என்ற தொழில்நுட்பத்தை உருவாக்கியிருந்தது. இதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து வீடு வரை ஒயர் இழுக்க வேண்டாம். ஒரு கோபுரத்தில் இருந்து சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்கு ரேடியோ அலை. வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி, கூரை மேல் ஒரு ஆன்டெனா. போன் பேசிக்கொண்டே 35 கேபிபிஎஸ் வேகத்தில் நெட்டும் பார்க்கலாம். பேசாமல் இருந்தால் 70. இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்கு டயல்-அப்பே அவ்வளவுதான் கொடுத்தது!

இந்தத் தொழில்நுட்பத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுபோக என்-லாக் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. 2001 வாக்கில் அதனுடன் சேர்ந்து ஈஐடி பாரி நெல்லிக்குப்பம் சுற்று வட்டாரத்தில் 'பாரிஸ் கார்னர்' என்ற இன்டர்நெட் மையங்களைத் திறந்தது. ஆலைக்குக் கரும்பு கொடுக்கும் விவசாயிகளுக்குத் தேவையான தகவல் ஊரிலேயே கிடைக்க வேண்டும் என்பது நோக்கம்.

ஐஐடி குழு தொடங்கிய இடம் ஒரு கணக்குதான். 1990களில் ஒரு டெலிபோன் இணைப்பு கொடுக்க ஆன முதலீடு சுமார் 30,000 ரூபாய்க்கு மேல். அந்த முதலீட்டை மாதக் கட்டணத்தில் திரும்ப எடுக்க வேண்டும் என்றால் சாதாரணக் குடும்பம் கட்ட முடியாது. செலவை 10,000 ரூபாய் அளவுக்குக் கொண்டுவந்தால்தான் எல்லோருக்கும் போன் சாத்தியம் என்றார்கள். கம்பியை எடுத்துவிட்டு ரேடியோவைப் போட்டால் அந்தச் செலவில் பெரும்பகுதி குறையும்.

கார்டெக்ட் நீடிக்கவில்லை. செல்போன் அலை அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் அந்தக் கணக்கு சரி என்பதை அதே செல்போன்தான் நிரூபித்தது.

கம்பி ஏன் பரவவில்லை?

2004 அக்டோபரில் இரண்டு விஷயங்கள் நடந்தன. மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தது. 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தால் பிராட்பேண்ட், 2010க்குள் 2 கோடி இணைப்பு என்பது இலக்கு. அதே மாதம்தான் இந்தியாவில் செல்போன்களின் எண்ணிக்கை லேண்ட்லைன்களைத் தாண்டியது. கம்பியை நம்பித் திட்டம் போட்ட மாதத்திலேயே கம்பி பின்தங்கிவிட்டது!

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் 'டேட்டாஒன்' வந்தது. அதை அனுபவித்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். சில பிளான்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை டவுன்லோடு இலவசம். அலாரம் வைத்து எழுந்து படம் இறக்கியவர்கள் ஏராளம் :-)

ஆனால் 2010 முடிவில் நாடு முழுக்க இருந்தது சுமார் 1.1 கோடி இணைப்புதான். இலக்கில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது. காரணங்கள் இரண்டு.

ஒன்று, தூரம். டெலிபோன் கம்பி என்பது செம்பு. எக்ஸ்சேஞ்சில் இருந்து 3, 4 கிலோமீட்டர் தாண்டினால் பிராட்பேண்ட் சிக்னல் பலவீனமாகி வேகம் விழுந்துவிடும். மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் தேரடி வீதிகளிலோ இருப்பவருக்கு இது பிரச்சினை இல்லை. வயலுக்கு நடுவே இருக்கும் ஊருக்கு இதுதான் பெரிய பிரச்சினை.

இரண்டாவது, காமர்ஸ் மாணவர்கள் முதல் வருடத்தில் படிக்கும் நிலையான செலவு. ஒரு தெருவில் 20 வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வீடு மட்டும் இணைப்பு கேட்டாலும் தெரு முழுக்கப் பள்ளம் தோண்டியாக வேண்டும். அந்த மூன்று வீடும் காலி செய்து போனால் புதைத்த பணம் புதைத்ததுதான். டவர் அப்படி இல்லை. இன்றைக்கு அந்தத் தெருவுக்கு, நாளைக்கு அடுத்த தெருவுக்கு, நடுவில் பஸ்ஸில் போகிறவருக்கு என்று ஒரே முதலீடு எல்லோருக்கும் உழைக்கும்.

வாங்குபவர் பக்கமும் இதே கணக்குதான். கம்பி இணைப்புக்கு விலாசச் சான்று, டெபாசிட், மோடம், மாத வாடகை எல்லாம் வேண்டும். அண்ணாமலை நகரில் ஒரு வருடம் அறை எடுத்துத் தங்கும் மாணவருக்கு இதெல்லாம் ஒத்துவராது. ரீசார்ஜ் செய்தால் இருக்கும், செய்யாவிட்டால் இருக்காது என்ற ஏற்பாடுதான் அவருக்குச் சரி.

ஜிபிஆர்எஸ், டாங்கிள், 3ஜி

2003ல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்கு சிடிஎம்ஏ போன் கொடுத்தது. அந்த வகைப் போனை ஒரு கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்தால் நெட் வந்தது. தமிழ்நாட்டில் ஏர்செல் நூறு ரூபாய்க்குள் மாதம் முழுக்க ஜிபிஆர்எஸ் கொடுத்தது. ஆமை வேகம்தான். ஆனாலும் காலேஜ் பையன்கள் பலருக்கு முதல் 'சொந்த' இன்டர்நெட் அதுதான்.

இங்கே ஒரு சுவாரசியம். ஏர்செல்லைத் தொடங்கிய சிவசங்கரன்தான் சென்னையில் டிஎஸ்எல் பிராட்பேண்டை ஆரம்பத்திலேயே விற்ற டிஷ்நெட்டையும் நடத்தினார். டிஷ்நெட்டின் இன்டர்நெட் தொழிலை 2004ல் விஎஸ்என்எல் வாங்கிக்கொண்டது. கம்பியும் டவரும் ஒரே கையில் இருந்தபோது முதலில் கைமாறியது கம்பிதான்.

2010ல் 3ஜி ஏலம். நாடு முழுக்க அரசுக்கு வந்தது 67,000 கோடி ரூபாய்க்கு மேல். தமிழ்நாட்டு வட்டத்துக்கு மட்டும் ஒவ்வொரு நிறுவனமும் கட்டியது சுமார் 1,465 கோடி. ஏர்டெல், வோடஃபோன், ஏர்செல் மூன்றும் எடுத்தன. இவ்வளவு கட்டிவிட்டு விலையைக் குறைவாக வைக்க முடியுமா? அதனால் 3ஜி வேகமாக இருந்தது, ஆனால் வீட்டு இன்டர்நெட்டாக மாறும் அளவுக்கு மலிவாக இல்லை.

தானே புயல் சொன்ன பாடம்

2011 டிசம்பர் 30 காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. முந்திரியும் பலாவும் வேரோடு போயின. பல கிராமங்களுக்குக் கரண்ட் வரவே வாரங்கள் ஆயின.

கம்பத்தில் தொங்கும் ஒயருக்கு இந்தக் கடற்கரையில் என்ன கதி என்பது அன்று தெரிந்தது. ஒவ்வொரு வீட்டு ஒயரையும் தனித்தனியாகத் திரும்பக் கட்ட வேண்டும். டவரைச் சரி செய்தால் ஒரு வட்டாரமே உயிர்பெறும். ஆனால் டவரும் மந்திரம் இல்லை. கரண்ட் இல்லை என்றால் பேட்டரி சில மணி நேரம், அப்புறம் டீசல். சாலையில் மரம் விழுந்து டீசல் வண்டி வரவில்லை என்றால் டவர் நின்றாலும் சிக்னல் நிற்காது.

2016ம் அதற்குப் பிறகும்

2016 செப்டம்பர் 5ல் ஜியோ வந்தது. அடுத்த மார்ச் வரை இலவசம். டிராய் கணக்குப்படி 2014ல் ஒரு ஜிபிக்கு சராசரியாக 269 ரூபாயாக இருந்த மொபைல் டேட்டா விலை, 2018ல் 12 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. கம்பி பிராட்பேண்டுக்கு இருந்த ஒரே பலம் 'அதிக டேட்டா, குறைந்த விலை' என்பதுதான். அதுவும் போனது. பிரௌசிங் சென்டர்கள் ஜெராக்ஸ் கடைகளாகவும் ஆன்லைன் விண்ணப்பக் கடைகளாகவும் மாறின.

இந்த விலைப்போரில் விழுந்தவர்களும் உண்டு. 2018 பிப்ரவரியில் ஏர்செல் தமிழ்நாட்டில் திடீரென முடங்கியது. அந்த மாதக் கடைசியில் திவால் மனு. பேங்க், கேஸ், ஆதார் எல்லாம் அந்த நம்பரில் இருக்க, வேறு கம்பெனிக்கு மாற்றும் கோடு கிடைக்காமல் மக்கள் கடைகளில் கூட்டமாக நின்றார்கள். சிம் ஒன்றே எல்லாமும் ஆகிவிட்டால் அது நிற்கும்போது எல்லாமும் நிற்கும் என்பதைத் தமிழ்நாடு அந்த வாரம் பார்த்தது.

கம்பி வீட்டுக்கு, சிம் ஆளுக்கு

உண்மையான சோதனை 2020ல் வந்தது. ஊரடங்கு, ஆன்லைன் வகுப்பு. கம்பி இணைப்பு வீட்டுக்குச் சொந்தம். வைஃபை இருந்தால் அண்ணன், தங்கை, அம்மா எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். சிம் அப்படி இல்லை. அது ஒரு ஆளின் சட்டைப்பையில் இருப்பது. வீட்டில் ஒரே போன் என்றால், அப்பா அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகும்போது வீட்டின் இன்டர்நெட்டும் கூடவே போகிறது. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் வகுப்பு என்றால் யார் உட்காருவது? இந்தக் கேள்விக்குப் பல வீடுகளில் பதில் சொன்னது பாடத்தின் முக்கியத்துவம் இல்லை. பையனா, பெண்ணா என்பதுதான்.

அரசு என்ன செய்தது? 2021 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்கள் சுமார் 9.7 லட்சம் பேருக்கு, ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி இலவச டேட்டா கார்டு அறிவித்தது. கம்பி இழுத்துக்கொண்டிருக்க அப்போது நேரம் இல்லை, சிம் கொடுக்க முடிந்தது. டவரின் பலம் இதில் நன்றாகத் தெரிகிறது. ஆனால் அந்த டேட்டா நான்கு மாதத்துக்குத்தான். கம்பி ஒருமுறை வந்திருந்தால் வீட்டிலேயே இருந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. டவரின் அலைக்கற்றை பொதுச் சொத்து மாதிரி. சாயங்காலம் ஊரே வீடியோ பார்த்தால் எல்லோருக்கும் வேகம் குறையும். ஃபைபரில் பக்கத்து வீட்டுக்காரர் படம் பார்த்தால் அந்த அளவுக்குப் பாதிக்காது.

இனி?

2023 செப்டம்பரில் ஜியோ ஏர்ஃபைபர் சென்னை உட்பட 8 நகரங்களில் வந்தது. மாடியில் ஒரு ஆன்டெனா, வீட்டுக்குள் ஒரு வைஃபை பெட்டி, நடுவில் கம்பி இல்லை. நெல்லிக்குப்பத்துப் பெட்டியை நினைத்துப் பாருங்கள்! வேகம் ஆயிரம் மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. யோசனை அதேதான். ஒரு வித்தியாசம் முக்கியமானது. இது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு வரும் இணைப்பு.

அதே நேரத்தில் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் பொறுப்பு டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. "அதான் டவர் இருக்கே, இது எதுக்கு?" என்று கேட்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். டவருக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் கம்பி இல்லை. டவருக்குப் பின்னால் கம்பி வேண்டும். ஃபைபர் போகாத டவர், அகலமான குழாயும் காலித் தொட்டியும் மாதிரி.

2024 ஜூலையில் பெரிய தனியார் நிறுவனங்கள் மூன்றும் மொபைல் கட்டணத்தை உயர்த்தின. வீட்டில் நாலு பேர் என்றால் நாலு ரீசார்ஜ். ஒரு கம்பி இணைப்பின் மாத வாடகையோடு அதை வைத்துக் கூட்டிப் பார்க்கும் குடும்பங்களுக்குக் கணக்கு மாறத் தொடங்கியிருக்கிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் ஃபைபர் வந்திருக்கும் தெருக்களில் அதைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. கிள்ளைப் பக்கத்திலோ காட்டுமன்னார்கோயில் பக்கத்திலோ ஃபைபர் எட்டாத கிராமத்தில் இருப்பவருக்கு அந்தத் தேர்வே இல்லை. அவர் வீட்டில் நெட் இருக்கிறதா என்பது, போன் வைத்திருப்பவர் வீட்டில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே இன்னமும் இருக்கிறது.