வேங்கட வட்டாரத்து ஆவணத் தொகுப்புகள்: கல், செப்பேடு, சுவடி, அச்சு

முன்னுரை

ஓர் இனத்தின் வரலாற்றுச் சான்றுகள் அவ்வினத்தார் பெரும்பான்மையாக வாழும் நிலத்தில் மட்டுமே காக்கப்பட்டு வருகின்றன என்று கொள்வதற்கில்லை. அரசுகள் மாறுந்தோறும் எல்லைகள் மாறுகின்றன, மக்கள் இடம்பெயர்கின்றனர், ஆவணங்களோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே தங்கிவிடுகின்றன. தொல்காப்பியப் பாயிரத்தால் தமிழ்கூறு நல்லுலகின் வட எல்லையாகச் சுட்டப்பெறும் வேங்கடம் இதற்குச் சிறந்த சான்றாகும். தமிழின் மிகப் பெரிய கோயில் ஆவணத் தொகுதிகளுள் ஒன்று அம்மலையிலும் அடிவாரத்திலும் உள்ளது. அவ்வாறே தெலுங்கு நாட்டின் சுவடிச் செல்வத்துள் குறிப்பிடத்தக்க பகுதி சென்னையில் உள்ளது. இவ்விரு நிலைகளையும் ஒருங்கே நோக்கி, ஆவணங்கள் எவ்வாறு காக்கப்பட்டன, அவற்றைக் காத்தவை எவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாராயணவனமும் அதன் சூழலும்

புத்தூருக்கு அண்மையில் அமைந்துள்ள நாராயணவனம், பத்மாவதித் தாயாரின் தந்தையாகிய ஆகாசராசனின் தலைநகர் என்று வேங்கடத் தலபுராணங்கள் கூறும். திருவேங்கடமுடையானின் திருமணம் நிகழ்ந்த இடம் என்னும் நம்பிக்கையைத் தாங்கி நிற்பது அங்குள்ள கல்யாண வேங்கடேசுவரர் கோயில். ஆகாசராசனின் தம்பி தொண்டைமான் என்று அப்புராணங்கள் குறிப்பது, இவ்வட்டாரத்திற்கும் தொண்டை மண்டலத்திற்கும் இருந்த உறவின் நினைவாகவே கருதத்தக்கது.

வரலாற்றுக் காலத்தில் இவ்வூர் கார்வேட்டிநகர் சமீன்தாரியைச் சேர்ந்திருந்தது. தெலுங்குப் பதங்களால் புகழ்பெற்ற சாரங்கபாணி வாழ்ந்ததும் அச்சமீனில்தான். ஆங்கிலேயர் ஆட்சியில் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபொழுது அதனுள் அடங்கியது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அம்மாநிலத்தைச் சார்ந்தது. பின்னர்ப் படாஸ்கர் அவர்களின் பரிந்துரையை ஒட்டி எழுந்த எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் அன்றைய சென்னை மாநிலத்திற்கு வந்தன; நாராயணவனம், புத்தூர், நகரி ஆகியவை ஆந்திரத்திலேயே நின்றன. 2022இல் திருப்பதி மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபொழுது நாராயணவனம் அதன்கண் சேர்க்கப்பட்டது.

ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்திற்குள் ஓரூர் மூன்று மாவட்டப் பெயர்களைத் தாங்கியிருக்கிறது. ஆதலின் அதன் வரலாற்றைத் தேடுவோர் ஒரே ஆவணக் காப்பகத்தை நம்பியிருத்தல் இயலாது. சென்னையிலும் திருப்பதியிலும் உள்ள சான்றுகளை இணைத்து நோக்குதல் இன்றியமையாதது.

கல்லில் அமைந்த காப்பகம்

திருமலை, திருப்பதி, திருச்சானூர் ஆகிய இடங்களில் படியெடுக்கப்பட்ட கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. தெலுங்கு, கன்னடக் கல்வெட்டுகள் சிலவே. மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. வடசொற்கள் வருமிடத்துக் கிரந்த எழுத்துகள் கலந்து வரும். பல்லவர், சோழர், யாதவராயர், விசயநகர வேந்தர் எனப் பல ஆட்சிகளைக் கடந்து இவ்வாவண மரபு தொடர்ந்து வந்துள்ளது. விசயநகரப் பேரரசர் ஆட்சியிலும் கோயிலின் அன்றாட ஆவணமொழியாகத் தமிழே நிலவியது என்பது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. கிருட்டிணதேவராயர் 1513 முதல் திருமலைக்குப் பன்முறை வந்து அளித்த கொடைகள் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் பொறிக்கப்பட்டன. அவற்றுள்ளும் தமிழ் இடம்பெற்றது.

இக்கல்வெட்டுகள் அரசர் புகழை மட்டும் கூறுவன அல்ல. காடவன் பெருந்தேவி என்னும் சாமவை வெள்ளித் திருமேனி ஒன்றையும் அணிகலன்களையும் நிலத்தையும் அளித்த செய்தியை ஒரு கல்வெட்டு கூறுகின்றது. அதன் காலத்தை 10ஆம் நூற்றாண்டு என்று பலரும், அதனினும் முற்பட்டது என்று சிலரும் கொள்வர். விசயநகரக் காலக் கல்வெட்டுகளில் திருப்போனகம், அப்பப்படி, அதிரசப்படி, நற்பணம், சிரீபண்டாரம், தானத்தார் முதலிய சொற்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. கொடையாளி பண்டாரத்தில் செலுத்திய பணம் கோயில் ஊர்களில் ஏரி, கால்வாய் வெட்டுவதற்கு இடப்பட்டு, அதனால் பெருகிய விளைவைக்கொண்டு படையல் நடத்தப்பட்டது. படைத்த அமுதில் கொடையாளிக்கு உரிய பங்கு ‘விட்டவன் விழுக்காடு’ எனப்பட்டது. பக்தி, வேளாண்மை, நிதி ஆகிய மூன்றும் ஒரே ஆவணத்தில் பிணைந்துள்ளமையை இச்சொல் காட்டுகின்றது. பர்டன் ஸ்டெய்ன் 1960இல் எழுதிய ஆய்வுரையில் இடைக்காலத் தென்னிந்தியக் கோயிலின் பொருளாதாரப் பணியை விளக்குவதற்கு அடிப்படையாகக் கொண்டவை இக்கல்வெட்டுகளே.

படியெடுத்துக் காக்கும் மரபு

கல் அழியாதது என்பது பொதுவான எண்ணம். ஆயின் கோயில் புதுக்கப்படும்பொழுது முதலில் இழக்கப்படுவது கல்வெட்டே. இவ்விடரை முன்னோர் உணர்ந்திருந்தனர். திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவர்களில் இருந்த கல்வெட்டுகளை முன்னதாகப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் செய்தான். அவை இராசேந்திரன் காலத்தில் மீண்டும் கல்லில் ஏறின. திருமலையிலும் 13ஆம் நூற்றாண்டில் வீரநரசிங்க யாதவராயர் காலத்தில் கருவறைப் பகுதி புதுக்கப்பட்டபொழுது பழைய சாசனங்கள் படியெடுக்கப்பட்டுப் புதிய சுவரில் பொறிக்கப்பட்டன. அதற்கு முந்தைய காலத்துச் செய்திகள் சில இன்று கிடைப்பது அப்பணியின் பயனே.

கல்லிலிருந்து ஏட்டிற்கும் ஏட்டிலிருந்து மீண்டும் கல்லிற்கும் செய்தி பெயர்ந்த இம்முறை, இன்றைய நூலகவியலார் கூறும் மறுபடி எடுத்தல் என்னும் கோட்பாட்டிற்கு முன்னோடி எனலாம். ஆவணத்தைக் காத்தது கல்லின் உறுதி மட்டுமன்று; அதைப் படித்தறிந்து திரும்ப எழுதவல்லார் இருந்தமையும் ஆகும்.

சங்கீர்த்தன பண்டாரம்

திருமலைக் கோயிலினுள் உள்ள மற்றொரு தொகுப்பு செப்பேடுகளால் ஆயது. தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) இயற்றிய சங்கீர்த்தனங்களை அவருடைய மைந்தர் பெத்த திருமலாச்சாரியார் முயற்சியால் செப்பேடுகளில் பொறித்துத் தனியறை ஒன்றில் வைத்தனர். அவ்வறை சங்கீர்த்தன பண்டாரம் எனப் பெயர்பெற்றது. ஓலையும் தாளும் அழியும் என்பதறிந்து, பெருஞ்செலவில் செம்பில் ஒரு நூலகத்தை அமைத்த இச்செயல் இந்திய நூலக வரலாற்றில் அரியதாகும். 1922ஐ ஒட்டி இச்செப்பேடுகள் அறிஞர் கவனத்திற்கு வந்தன. அன்னமாச்சாரியார் பாடியவை 32,000 என மரபு கூறும்; இன்று கிடைப்பவை ஏறத்தாழ 14,000.

இவ்விடத்துக் கருதற்குரிய செய்தி ஒன்றுண்டு. தாளப்பாக்கத்தார் பாடிய பாடல்கள் தெலுங்கு. அக்குடும்பத்தார் திருமலைக் கோயிலுக்குச் செய்த கொடைகளைக் கூறும் சாசனங்களோ தமிழில் உள்ளன. செம்பில் ஒரு மொழியும் கல்லில் மற்றொரு மொழியுமாக ஒரே குடும்பத்தின் வரலாறு பதிவாகியுள்ளது. தமிழ் அறியாத தெலுங்கு ஆய்வாளர் அக்குடும்பத்தின் கொடைச் செய்திகளை மூலத்தில் படித்தல் இயலாது. தெலுங்கு அறியாத தமிழ் ஆய்வாளர் அக்கொடையாளிகள் யாவர் என்பதை முழுமையாக உணர்தல் இயலாது.

அச்சேறிய தொகுதிகள்

திருமலைத் தேவத்தானத்தின் ஆட்சி 1843 முதல் 1933 வரை ஆதிராம்சி மடத்து மகந்துகளிடம் இருந்தது. அவர்கள் காலத்தின் இறுதியில் கல்வெட்டுகளைப் படியெடுக்கும் பணி தொடங்கியது. தேவத்தானக் கல்வெட்டாய்வாளர் சாது சுப்பிரமணிய சாத்திரியார் இப்பணியில் முதன்மையானவர். அவரைத் தொடர்ந்து வி. விசயராகவாச்சாரியார் பின்னைய தொகுதிகளைப் பதிப்பித்தார். 1931 முதல் 1938 வரை வெளிவந்த இத்தொகுதிகள், பழங்காலக் கல்வெட்டுகள், சாளுவ நரசிம்மர் காலம், கிருட்டிணராயர் காலம், அச்சுதராயர் காலம், சதாசிவராயர் காலம், வேங்கடபதிராயர் காலம் எனக் கால முறையில் பகுக்கப்பட்டவை.

1939இல் தேவத்தானம் கீழைக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைத் திருப்பதியில் தோற்றுவித்தது. சுவடிகளைத் தொகுத்தலும் பதிப்பித்தலும் அதன் பணிகள். 1954இல் தொடங்கிய திருவேங்கடவன் பல்கலைக்கழகத்துடன் அந்நிறுவனம் பின்னர் இணைந்தது. அங்குத் தாளப்பாக்கத்தார் இலக்கியங்களைப் பதிப்பிப்பதில் ஈடுபட்ட வேட்டூரி பிரபாகர சாத்திரியார், அதற்கு முன்னர்ச் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் பணியாற்றியவர். சென்னையில் பெற்ற சுவடிப் பயிற்சி திருப்பதியில் பயன்பட்டது.

சென்னையில் உள்ள தெலுங்குச் செல்வம்

திருப்பதியில் தமிழ் ஆவணங்கள் தங்கியிருப்பது போலவே, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் தெலுங்குச் சுவடிகள் பல தங்கியுள்ளன. 1869இல் அமைந்த இந்நூலகத்திற்கு அடித்தளமானவை மெக்கன்சி, லெய்டன், பிரௌன் ஆகியோரின் தொகுப்புகள். 1821இல் மறைந்த காலின் மெக்கன்சி, காவலி வேங்கட போரையா, அவர் தம்பி இலட்சுமையா முதலிய உதவியாளர்களைக் கொண்டு ஊர் வரலாறுகளையும் கல்வெட்டுப் படிகளையும் சுவடிகளையும் திரட்டினார். கைபீது எனப்படும் ஊர்வரலாறுகள் அத்தொகுப்பின் தனிச்சிறப்பு. கடப்பையில் பணியாற்றிய சார்லசு பிலிப் பிரௌன், தெலுங்கு நூல்களுக்குப் பல படிகளை ஒப்புநோக்கித் திருத்தப் படிகள் எழுதுவித்தார். தஞ்சை சரசுவதி மகால் நூலகமும் தெலுங்கு, மராத்தியச் சுவடிகளைக் காத்து வருகின்றது.

அழிவும் மீட்பும்

தொகுப்பு ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பதன் இடரை அண்மைக்கால வரலாறு இருமுறை காட்டியது. 1981 மே 31 இரவும் அதனை அடுத்தும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் அழிந்தன. பால்கன் நாடாகிய போசுனியாவில் 1992 மே மாதத்தில் சரயேவோ நகரின் கீழைக்கலை நிறுவனம் குண்டுவீச்சால் எரிந்தது. அரபு, பாரசீகம், துருக்கி, போசுனிய மொழிகளில் அமைந்த 5,263 சுவடிக் கட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை அழிந்தன. அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் தேசிய நூலகமும் எரிந்தது. 1537இல் தோன்றிய காசி உசுரெவ் பேக் நூலகத்தின் சுவடிகளோ, அங்குப் பணியாற்றியோர் அவற்றைப் பலமுறை இடம்மாற்றி மறைத்து வைத்தமையால் பிழைத்தன. எரிந்த சுவடிகளின் நிழற்படிகளையும் நுண்படங்களையும் முன்னர் எடுத்துச் சென்றிருந்த வெளிநாட்டு ஆய்வாளர்களிடமிருந்து அவற்றைத் திரட்டும் முயற்சியும் பின்னர் மேற்கொள்ளப்பட்டது. திருமழபாடியில் புத்தகத்தில் எடுத்து வைத்த படி செய்த பணியை, இங்கு ஆய்வாளர்தம் பெட்டிகளில் கிடந்த படிகள் செய்தன.

முடிவுரை

மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றவேண்டும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. ஆவணம் எங்கு இருத்தல் வேண்டும் என்னும் வினா உரிமை சார்ந்தது. அதன் தேவையை மறுப்பதற்கில்லை. ஆயினும் திருமலைச் சுவர்களைச் சென்னைக்குக் கொணர்தல் இயலாது; சென்னைச் சுவடிகள் யாவும் திருப்பதிக்குச் செல்லுதலும் இயலாது. ஆதலின் இருக்கும் இடத்திலேயே காக்கப்படும் ஆவணங்களை இருபுறத்தாரும் படிக்க வழிகாணுதலே முதன்மையான தேவையாகும்.

அதற்குச் செய்யத்தக்கவை மூன்று. திருமலைத் தொகுதிகளின் தமிழ்க் கல்வெட்டுகள் தமிழகப் பல்கலைக்கழகங்களில் முறையாகப் பாடமாதல் வேண்டும். சென்னை, திருப்பதிச் சுவடி அட்டவணைகள் ஒருங்கிணைந்த அடைவாக வெளிவருதல் வேண்டும். தமிழும் தெலுங்கும் ஒருசேர அறிந்த இளம் ஆய்வாளர்கள் உருவாதல் வேண்டும். அத்தகையோர் அருகுவாராயின், விட்டவன் விழுக்காடு போன்ற சொற்கள் கல்லில் நிற்கும். அவற்றின் பொருள் நில்லாது. படிப்பார் உள்ளவரையே சாசனம் சாசனமாகும் என்பதே வேங்கட வட்டாரத்து ஆவணங்கள் உணர்த்தும் உண்மையாகும்.