தமிழர் அறிந்த ஜப்பான்: 1905 முதல் 1945 வரை

ஜப்பானைப் புதிதாக அறிய விரும்புவோருக்கென்று தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. நேரந்தவறாமை, தூய்மை, தேநீர்ச் சடங்கு, செர்ரிப்பூ, அணுகுண்டுக்குப் பின் எழுந்து நின்ற உழைப்பு ஆகியவையே அவற்றில் இடம்பெறுகின்றன. இவை பொய்யல்ல. ஆனால் இந்தச் சித்திரம் நேற்று உருவானதும் அல்ல. ஜப்பானைப் பற்றித் தமிழர் நூறாண்டுக்கும் மேலாக எழுதியும் பேசியும் வருகின்றனர். எழுதியவர்கள் கண்ட ஜப்பான் ஒன்று. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத தோட்டத் தொழிலாளர்கள் கண்ட ஜப்பான் வேறொன்று. இக்கட்டுரை மதுரை வட்டாரத்தோடு தொடர்புடைய சிலரை முன்வைத்து அவ்விரண்டையும் ஒருங்கே பார்க்கிறது.

போதிசேனர்

தமிழர் – ஜப்பான் உறவு என்றதும் பலரும் தொடங்குவது போதிசேனரிடத்தில். இந்தப் பௌத்தத் துறவி 736இல் ஜப்பானை அடைந்தார். 752இல் நாரா நகரின் தோதாய்ஜி கோவிலில், மாபெரும் புத்தர் சிலைக்குக் கண்திறக்கும் சடங்கை நடத்தினார். அவர் மதுரைக்காரர் என்று இணையத்தில் பரவலாக எழுதப்படுகிறது. ஆனால் பழைய ஜப்பானியக் குறிப்புகள் அவரைத் தென்னிந்தியர் என்றும், பாரத்வாஜ குலத்துப் பிராமணர் என்றுமே சொல்கின்றன. மதுரையைச் சேர்த்தது பிற்காலத்து ஆர்வம். மேலும் அவர் வழியாகத் தமிழ்நாட்டுக்கு ஜப்பானைப் பற்றிய செய்தி எதுவும் திரும்பி வரவில்லை. எனவே தமிழர் ஜப்பானை அறிந்த கதை அவரிடமிருந்து தொடங்குவதாகக் கொள்ள முடியாது.

1905: ஆசியாவின் வெற்றி

1905 மே மாதம் 27, 28 ஆகிய நாள்களில் சுஷிமா நீரிணையில் ஜப்பானியக் கடற்படை ருசியக் கப்பற்படையை அழித்தது. ஐரோப்பிய வல்லரசு ஒன்றை ஆசிய நாடொன்று கடலில் வென்றது இந்தியா முழுவதையும் உலுக்கியது. அப்போது சுப்பிரமணிய பாரதி சென்னையில் சுதேசமித்திரனில் உதவியாசிரியர். அதே ஆண்டில் வங்கப் பிரிவினையும் சுதேசி இயக்கமும் வந்தன. சுதேசி பேசிய மேடைகளில் ஜப்பானும் ஓர் எடுத்துக்காட்டாக வந்து அமர்ந்தது.

தென்கோடியில் இதற்கு ஒரு வடிவம் கிடைத்தது. 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பங்கு வாங்கும் உரிமை ஆசியருக்கு மட்டுமே. ‘இந்தியர்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் ‘ஆசியர்’ என்று வகுத்த அந்த விதியைச் சுஷிமாவுக்கு முந்திய காலத்தில் எண்ணிப் பார்ப்பது கடினம் என்பது என் கருத்து. சங்கத்துக்குத் துணைநின்றவர்களில் ஒருவர் எட்டயபுரத்தில் பாரதியோடு வளர்ந்த வழக்கறிஞர் சோமசுந்தர பாரதி. பின்னாளில் மதுரையை அடுத்த பசுமலையில் குடியேறி, ‘நாவலர்’ என்று அறியப்பட்ட தமிழறிஞர் இவரே.

அந்தத் தலைமுறை ஜப்பானிடம் கண்டது என்ன? 1868இல் மெய்ஜி பேரரசர் பெயரால் பழைய ஷோகுன் ஆட்சி முடிவுக்கு வந்தது. 1872இல் நாடு தழுவிய பள்ளிக் கல்வித் திட்டம், 1873இல் கட்டாயப் படைச் சேவை, 1889இல் அரசியல் சட்டம் என்று மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. சாமுராய்களின் தனியுரிமைகள் ஒழிக்கப்பட்டன. நாற்பது ஆண்டுக்குள் ஒரு நாடு தன்னைத் தானே மாற்றிக்கொண்டது. தன் மொழியிலேயே அறிவியல் படித்தது. அடிமைப்பட்ட ஒரு சமூகத்துக்கு இதைவிட இனிய செய்தி வேறெது?

ஆனால் அதே செய்தித்தாள்களில் மற்றொரு செய்தியும் இருந்தது. ருசியாவும் ஜப்பானும் மோதிக்கொண்டதே கொரியாவும் மஞ்சூரியாவும் யாருக்கு என்பதற்காகத்தான். 1905 நவம்பரில் கொரியா ஜப்பானின் பாதுகாப்பு நாடாக்கப்பட்டது. 1910இல் முழுமையாக இணைத்துக்கொள்ளப்பட்டது. கொரியாவும் ஆசியாதான். ஆசியாவின் வெற்றியைப் பாடிய குரல்களில் இது மெலிதாகவே கேட்டது.

கவிதை வழியாக வந்த ஜப்பான்

1916இல் புதுச்சேரியிலிருந்து பாரதி சுதேசமித்திரனுக்கு ஜப்பானியக் கவிதை பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். இன்று ஹைக்கூ என்று நாம் அழைக்கும் மூன்றடிக் கவிதை தமிழுக்கு அறிமுகமானது அதில்தான். ஜப்பானியக் கவிஞர் யோனே நொகுச்சி ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கட்டுரையே அதற்குத் தூண்டுகோல். சொல் குறையக் குறையக் கவிதை நிறைகிறது என்பது பாரதியை ஈர்த்தது. குறளைத் தாய்ப்பாலாகக் கொண்ட மொழியின் கவிஞருக்கு அது அந்நியமாக இருந்திருக்காது.

நொகுச்சியின் பிற்காலக் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1916இல் ரவீந்திரநாத் தாகூர் ஜப்பானுக்குச் சென்று, தேசியவாதத்தின் வெறியைக் கண்டித்துப் பேசினார். தொடக்கத்தில் கிடைத்த வரவேற்பு அதன்பின் குளிர்ந்தது. 1937இல் ஜப்பான் சீனாவின் மீது முழுப் போர் தொடுத்தது. மறு ஆண்டில் நொகுச்சி அப்போரை நியாயப்படுத்தித் தாகூருக்குக் கடிதம் எழுதினார். தாகூர் கடுமையாக மறுத்துப் பதிலளித்தார். மூன்றடியில் உலகைக் காட்டிய மரபின் தூதரே படையெடுப்புக்கும் வழக்குரைத்தார். ஒரு நாட்டின் அழகியலைக் கொண்டு அதன் அரசியலை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. பாரதி 1921இலேயே மறைந்துவிட்டதால், இதைக் காண அவர் இல்லை.

கோட்டையூரிலிருந்து தோக்கியோவுக்கு

ஜப்பானுக்கே சென்று, அங்கு வாழ்ந்து, தமிழ் வாசகருக்கு அதை எழுதிக் காட்டியவர் ஏ.கே.செட்டியார். 1911இல் காரைக்குடிக்கு அருகில் கோட்டையூரில் பிறந்தவர். பர்மாவில் ரங்கூனிலிருந்து வந்த ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக இருந்தார். 1930களின் நடுவில் தோக்கியோ சென்று புகைப்படக்கலை பயின்றார். ஜப்பானைப் பற்றித் தமிழில் நூலும் எழுதினார். அங்கு கற்ற கலையும் பின்னர் நியூயார்க்கில் பெற்ற பயிற்சியும் சேர்ந்தே, 1940இல் வெளிவந்த காந்தி ஆவணப்படத்தை உருவாக்கின.

அவர் தோக்கியோ சென்ற காலம் கவனிக்கத்தக்கது. 1931இல் மஞ்சூரியா கைப்பற்றப்பட்டிருந்தது. 1936 பிப்ரவரி 26 அன்று இளம் படை அதிகாரிகள் தோக்கியோவில் கிளர்ச்சி செய்து அமைச்சர்களைக் கொன்றனர். கிளர்ச்சி அடக்கப்பட்டாலும் அரசின் மீது படையின் பிடி இறுகியது. பள்ளிப் பிள்ளைகள் 1890ஆம் ஆண்டின் கல்விப் பேராணையை வணங்கிக் கேட்டு வளர்ந்தனர். பேரரசருக்காக உயிரைத் தரவேண்டும் என்பது அதன் உட்பொருள். நாம் இன்றும் புகழும் ஒழுங்கு அந்தக் காலத்தில் எதற்குப் பயன்பட்டது என்பதை இந்தப் பின்னணியோடு சேர்த்துப் பார்ப்பது நல்லது.

செட்டியார் பிறந்த ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1930களின் இறுதியில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்திருந்தது. பெருமந்தத்தில் கடனைக் கட்ட முடியாத பர்மிய உழவர்கள் இழந்த நிலம் அது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தது. லட்சக்கணக்கான இந்தியர் மலையும் காடும் கடந்து நடந்தே வெளியேறினர். பலர் வழியிலேயே மாண்டனர். செட்டிநாட்டின் பர்மாக் காலம் அத்தோடு நின்றது.

ஜப்பான்காரன் காலம்

மலேசியத் தமிழர் இன்றும் 1942 முதல் 1945 வரையான ஆண்டுகளை ‘ஜப்பான்காரன் காலம்’ என்றே குறிப்பிடுகின்றனர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன் பெயர் ஷோனான் என்று மாறியது. கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டுத் தோக்கியோ நேரம் வந்தது. ஆண்டுக் கணக்கும் ஜப்பானியப் பேரரசின் கணக்கில் 2602 ஆனது. பள்ளிகளில் நிப்பொங்கோ, அதாவது ஜப்பானிய மொழி கற்பிக்கப்பட்டது. வாழைமரப் படம் போட்ட நோட்டுகள் அச்சாகிக் குவிந்து மதிப்பிழந்தன. அரிசி மறைந்து மரவள்ளிக்கிழங்கு உணவானது.

சந்தியில் நிற்கும் ஜப்பானியக் காவலருக்குக் குனிந்து வணங்க வேண்டும். தவறினால் கன்னத்தில் அறை விழும். ஜப்பானியப் படைக்குள் மேலதிகாரி கீழ்ப்படை வீரரை அறைவது அன்றாட வழக்கம். அடிவாங்கிப் பழகியவர் அடுத்த படியில் இருப்பவரை அடித்தார். அந்த வரிசையின் கடைசிப் படியில் நின்றவர் தோட்டத்துத் தமிழர். வணங்குதல் என்ற பண்பாட்டு வழக்கத்தைத் தமிழர் பெருந்திரளாக முதன்முதலில் கற்றது இப்படித்தான்.

அதற்கும் மேலான கொடுமை சயாம் – பர்மா ரயில் பாதை. தாய்லாந்தின் பான்போங் பகுதியிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகள் அதில் உழைத்தனர். 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் இரண்டு லட்சம் அளவினர். அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை என்று மதிப்பிடப்படுகிறது. இவர்களில் பெருந்தொகையினர் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர். கூலி தருவதாகச் சொல்லி அழைக்கப்பட்டவர்களும் உண்டு. வழியில் மடக்கி லாரியில் ஏற்றப்பட்டவர்களும் உண்டு. காலராவும் மலேரியாவும் பட்டினியுமே பெரும்பாலானோரைக் கொன்றன.

மதுரையில் எழுதப்பட்ட போர்

இந்தக் காலத்தைத் தமிழில் நிலைக்கச் செய்த எழுத்தாளர் மதுரையில் இருந்தார். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த ப.சிங்காரம், 1938இல் வேலை தேடி சுமத்ராவின் மேடான் நகருக்குப் போனார். ஜப்பானியர் வந்ததையும் போனதையும் அங்கிருந்து பார்த்தார். ஊர் திரும்பியபின் மதுரை தினத்தந்தி அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். மேடானுக்குள் ஜப்பானியப் படை நுழையும் காட்சியோடு தொடங்கும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல்தான் அச்சேறியது. ஜப்பானியரை அரக்கராகவும் காட்டாமல் மீட்பராகவும் காட்டாமல் மனிதராக எழுதிய அரிய நாவல் அது. மலேசியாவில் ஆர்.சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவல் பாதையில் வேலை செய்தவர்களின் பக்கத்திலிருந்து பேசுகிறது.

ஆனாலும் மதுரைச் சமவெளியின் பொது நினைவில் ஜப்பான் நல்ல பெயரோடுதான் தங்கியது. அதற்குக் காரணம் நேதாஜி. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் பொறுப்பேற்ற இந்திய தேசிய ராணுவத்தில் தமிழர் பெருமளவில் சேர்ந்தனர். போஸ் மீது ஆழ்ந்த பற்றுகொண்ட முத்துராமலிங்கத் தேவரின் செல்வாக்கு இந்த மண்ணில் வலுவானது. ஊர் திரும்பிய ராணுவத்தாருக்கு மேடை கிடைத்தது. அவர்கள் கதையில் ஜப்பான் துணைவன். ரயில் பாதையில் இறந்தவர்களுக்கு ஊர் திரும்பிப் பேச ஆளில்லை. இரண்டும் ஒரே ஆண்டுகளில், ஒரே தோட்டங்களிலிருந்து புறப்பட்ட தமிழருக்கு நேர்ந்தவை. பலருக்கு ராணுவத்தில் சேர்வது ரயில் பாதைக்குப் பிடிபடாமல் தப்பும் வழியாகவும் இருந்தது.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு அழகிய கல்லறைத் தோட்டம் உள்ளது; ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது பொறித்திருக்கிறது. தமிழ்த் தொழிலாளர்களைக் குழிகளில் மொத்தமாகப் புதைத்தார்கள். அவர்களுக்கென்று ஒரு நடுகல் 2023இல்தான் காஞ்சனபுரியில் எழுந்தது.