மிதிவண்டிச் சங்கிலி உயவு

மிதிவண்டிச் சங்கிலி உயவு என்பது மிதிவண்டிச் சங்கிலியில் ஒன்றோடொன்று உரசும் உலோகப் பகுதிகளுக்கு இடையே எண்ணெய், மெழுகு முதலிய உயவுப்பொருள்களைச் செலுத்தி உராய்வையும் தேய்வையும் துருவையும் குறைக்கும் பராமரிப்பு முறை ஆகும். உயவு தேவைப்படும் இடம் சங்கிலியின் வெளிப்புறம் அன்று. கண்ணிகளின் உட்புறமே ஆகும். வெளிப்புறத்தில் தங்கும் எண்ணெய் தூசியையும் மணலையும் பிடித்து வைத்துக்கொள்வதால் தேய்வு கூடுகின்றது. ஆகவே உயவுப்பொருளை இடுவதைப் போலவே, மிகுதியைத் துடைத்து நீக்குவதும் இம்முறையின் இன்றியமையாத பகுதியாகும்.

சங்கிலி பேச்சு வழக்கில் செயின் எனப்படுகின்றது. உயவுக்குப் பயன்படும் எண்ணெய் மசகு எண்ணெய் என்றும் அழைக்கப்படும். எனினும் இலங்கை வழக்கில் மசகு எண்ணெய் என்பது நிலத்திலிருந்து எடுக்கப்படும் கச்சா எண்ணெயையும் குறிப்பதால், இக்கட்டுரையில் உயவெண்ணெய் என்ற சொல்லே ஆளப்படுகின்றது.

சங்கிலியின் அமைப்பு

இன்றைய மிதிவண்டிச் சங்கிலி உருளிச் சங்கிலி வகையைச் சார்ந்தது. இதனை ஹான்ஸ் ரெனோல்ட் என்பவர் 1880 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். 1885 ஆம் ஆண்டில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வடிவமைத்த ரோவர் மிதிவண்டி, பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் அமைப்பைப் பரவலாக்கியது.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் உட்தகடுகள், வெளித்தகடுகள், அவற்றை இணைக்கும் முளைகள், முளையைச் சுற்றி உருளும் உருளிகள் ஆகியவை உள்ளன. அடுத்தடுத்த இரு முளைகளுக்கு இடையேயான தொலைவு 12.7 மி.மீ. (அரை அங்குலம்) ஆகும். கியர் இல்லாத மிதிவண்டிகளின் சங்கிலி ஏறத்தாழ 3.2 மி.மீ. உள்ளகலம் கொண்டது. பல கியர்கள் கொண்டவற்றில் இது 2.2 முதல் 2.4 மி.மீ. வரை இருக்கும்.

பழைய வகைச் சங்கிலிகளில் முளைக்கும் உருளிக்கும் இடையே தனியான உறைக்குழல் ஒன்று உண்டு. இன்றைய கியர்ச் சங்கிலிகளில் இக்குழல் இல்லை. உட்தகடுகளின் புடைத்த விளிம்புகளே அதன் பணியைச் செய்கின்றன. இதனால் உயவுப்பொருள் முளையை எளிதில் அடைகின்றது. அதே வழியில் அழுக்கும் எளிதில் உட்புகுகின்றது.

உயவின் தேவை

பற்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு கண்ணியும் மடங்கி நிமிர்கின்றது. அவ்வேளையில் முளை, உட்தகட்டின் விளிம்பு, உருளி ஆகியவை இழுவிசையின் கீழ் ஒன்றோடொன்று உரசுகின்றன. இடையில் மணல் துகள்கள் இருந்தால் அவை எண்ணெயுடன் கலந்து சாணைப்பசை போல உலோகத்தை அராவுகின்றன.

இத்தேய்வினால் முளைகளுக்கு இடையேயான தொலைவு சிறிது சிறிதாகக் கூடுகின்றது. இதனைச் சங்கிலி நீண்டுவிட்டது என்று கூறுவது வழக்கம். உண்மையில் தகடுகள் நீள்வதில்லை, மூட்டுகளே தேய்கின்றன. நீண்ட சங்கிலி பற்களின் இடைவெளியோடு பொருந்தாமல் பற்சக்கரங்களையும் தேய்க்கின்றது. அந்நிலையில் புதுச் சங்கிலி மட்டும் மாட்டினால் அது தேய்ந்த பற்களின் மேல் ஏறி வழுக்கும். எழுந்து நின்று அழுத்தி மிதிக்கும் வேளையில் இவ்வாறு வழுக்கினால் ஓட்டுநர் கீழே விழ நேரிடலாம். ஆகவே விலை குறைந்த சங்கிலியைக் காப்பது, விலை கூடிய பற்சக்கரங்களையும் ஓட்டுநரையும் காப்பதாகும்.

உயவு இழுவைத் திறனை எவ்வளவு கூட்டுகின்றது என்பது ஆய்வுக்குரியதாக இருந்துள்ளது. 1999 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் தலைமையிலான குழு நடத்திய சோதனையில், மிதிவண்டிச் சங்கிலி 98.6 விழுக்காடு வரை திறனுடன் இயங்குவது கண்டறியப்பட்டது. ஆய்வகத்தின் தூய சூழலில் உயவுப்பொருள் திறனைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றவில்லை. சங்கிலியின் இழுவிசையும் பற்சக்கரத்தின் அளவுமே முதன்மையான காரணிகளாக அமைந்தன. சாலையில் நிலைமை வேறு. அங்கு அழுக்கை உள்ளே விடாமல் தடுப்பதும் துருவைத் தவிர்ப்பதும் உயவுப்பொருளின் முக்கியப் பணிகளாகும்.

உயவுப்பொருள்களின் வகைகள்

தொழிற்சாலை மசகு: புதுச் சங்கிலியின் உட்பகுதிகளில் உற்பத்தியின்போதே கெட்டியான மசகு நிரப்பப்படுகின்றது. இது எல்லா மூட்டுகளிலும் சீராகப் பரவியிருப்பதால் தரமான உயவாகும். எண்ணெய் பயன்படுத்த விரும்புவோர் புதுச் சங்கிலியைக் கரைப்பானில் கழுவுதல் ஆகாது. ஒட்டும் வெளிப்புறத்தை மட்டும் துணியால் துடைத்தல் போதுமானது.

உலர்நில எண்ணெய்: நீர்த்த எண்ணெயும் விரைவில் ஆவியாகும் கரைப்பானும் கலந்தது. இட்டபின் மெல்லிய படலமே எஞ்சுவதால் தூசி குறைவாக ஒட்டும். மழையில் எளிதில் கழுவப்பட்டுவிடும்.

ஈரநில எண்ணெய்: கெட்டியானது, ஒட்டும் தன்மை கூடியது. மழையைத் தாங்கும், நெடுந்தொலைவு நிற்கும். ஆனால் புழுதிச் சாலையில் விரைவில் கருத்த பசையாகிவிடும்.

மெழுகு நீர்மம்: மெழுகுத் துகள்கள் நீரிலோ கரைப்பானிலோ கலக்கப்பட்டது. சொட்டுச் சொட்டாக இட்டுச் சில மணி நேரம் உலரவிட்டால் மெழுகு உள்ளே படியும்.

உருகிய மெழுகு: பாரஃபின் மெழுகை உருக்கி, அதில் சங்கிலியை முழுவதுமாக அமிழ்த்தும் முறை. ஆறியபின் மெழுகு உலர்ந்த திண்மமாக இருப்பதால் தூசி ஒட்டுவதில்லை, கையிலும் உடையிலும் கறை படிவதில்லை. பந்தயங்களுக்கான மெழுகுகளில் மாலிப்டினம் டைசல்ஃபைடு, டங்ஸ்டன் டைசல்ஃபைடு போன்ற திண்ம உயவுத் தூள்கள் சேர்க்கப்படுவதுண்டு.

தேர்வு செய்தல்

எல்லாச் சூழலுக்கும் ஏற்ற ஒரே உயவுப்பொருள் இல்லை. சாலை, காலநிலை, பராமரிப்புக்குக் கிடைக்கும் நேரம் ஆகிய மூன்றையும் கருதியே தேர்வு அமைகின்றது.

* புழுதியும் வெயிலும் மிகுந்த இடங்களில் உலர்நில எண்ணெய் அல்லது மெழுகு ஏற்றது.
* தொடர்மழைக் காலத்தில் ஈரநில எண்ணெய் ஏற்றது. தமிழ்நாட்டிலும் இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களுக்கு இது பொருந்தும்.
* கடற்கரைப் பகுதிகளில் உப்புக் காற்று துருவை விரைவுபடுத்துவதால், மெழுகைவிட எண்ணெயே நல்ல காப்பளிக்கும்.
* முழுச் சங்கிலி உறை (செயின் கவர்) உள்ள வண்டிகளில் மழையும் புழுதியும் சங்கிலியை எளிதில் அடைவதில்லை. இவற்றுக்கு நடுத்தரக் கெட்டியுள்ள எண்ணெயை நீண்ட இடைவெளியில் இட்டாலே போதும்.

கியர் இல்லாத மிதிவண்டிகளின் அகலமான சங்கிலிக்கு விலையுயர்ந்த சிறப்பு எண்ணெய் தேவையில்லை. தமிழ்நாட்டு அரசு பள்ளி மாணவர்களுக்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகளும் இவ்வகையினவே. புதிய இயந்திர எண்ணெயைச் சிறிதளவு இட்டு, நன்கு துடைத்துவிட்டால் இவற்றின் சங்கிலி பல்லாண்டுகள் உழைக்கும்.

பொருத்தமற்ற பொருள்கள்

பயன்படுத்திய எஞ்சின் எண்ணெய்: பழுதுபார்க்கும் கடைகளில் இலவசமாகக் கிடைப்பதால் இடப்படுவதுண்டு. இதில் கரித்துகளும் உலோகத் துகள்களும் எரிதலின் எச்சங்களும் கலந்துள்ளன. சங்கிலியைத் தேய்ப்பதோடு, அடிக்கடி தொடுவோரின் தோலுக்கும் தீங்கானது.

சமையல் எண்ணெய்கள்: நல்லெண்ணெய் போன்றவை காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாக இறுகிக் கண்ணிகளை விறைக்கச் செய்யும். தேங்காய் எண்ணெய் எளிதில் இறுகாதெனினும், மழையில் நிலைப்பதில்லை. ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழ் உறைந்துவிடும். வேறெதுவும் கிடைக்காதபோது இவற்றை இடுவது, உலர்ந்த சங்கிலியை ஓட்டுவதைவிட மேலானது.

டபிள்யூ.டி.-40: இது 1953 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், உலோகப் பரப்பிலிருந்து நீரை விலக்குவதற்காக உருவாக்கப்பட்டது. அப்பெயரில் பரவலாக விற்கும் தெளிப்பான் அழுக்கைக் கரைக்கவும் நனைந்த சங்கிலியிலிருந்து நீரை நீக்கவும் உதவும். எனினும் இதன் படலம் மிக மெல்லியது, நெடுநாள் உயவாகாது. இதனைப் பயன்படுத்தினால் பின்னர் உரிய எண்ணெய் இடவேண்டும்.

கெட்டி மசகு: கிரீசு எனப்படும் இதனை வெளியிலிருந்து பூசினால் உருளிகளுக்குள் செல்வதில்லை, மணலை மட்டும் சேர்க்கும்.

அமிலங்கள்: அமிலம் கலந்த துருநீக்கிகள் வலிமையூட்டப்பட்ட எஃகை நொறுங்கும் தன்மையுடையதாக்கி, சங்கிலி அறுவதற்குக் காரணமாகலாம்.

எண்ணெய் இடும் முறை

1. உலர்ந்த துணியால் சங்கிலியைப் பற்றிக்கொண்டு, மிதியைப் பின்னோக்கிச் சுழற்றி வெளி அழுக்கைத் துடைக்க வேண்டும். அழுக்கு மிகுதியாயின் மண்ணெண்ணெய் நனைத்த தூரிகையால் தேய்த்து, நன்கு உலரவிட வேண்டும். பெட்ரோல் எளிதில் தீப்பற்றுவதால் இதற்குப் பயன்படுத்தக்கூடாது.
2. சங்கிலியின் கீழ்ப்பகுதியில், உட்புறம் நோக்கி, ஒவ்வோர் உருளியின் மேலும் ஒரு சொட்டு இட வேண்டும். தொடங்கிய கண்ணியை அடையாளமிட்டுக்கொண்டால் ஒரு சுற்று முடிந்ததை அறியலாம்.
3. மிதியை இருபது, முப்பது முறை சுழற்றி எண்ணெய் உட்செல்லச் செய்ய வேண்டும்.
4. சில மணி நேரம், இயன்றால் ஓர் இரவு, விட்டுவைக்க வேண்டும்.
5. தூய துணியால் சங்கிலியின் வெளிப்புறம் ஏறத்தாழ உலர்ந்ததாகத் தோன்றும் வரை துடைக்க வேண்டும்.

சக்கர விளிம்பிலோ தட்டுத் தடையிலோ எண்ணெய் பட்டால் தடை பிடிக்காது. ஆகவே தெளிப்பானைவிடச் சொட்டுக் குப்பியே பாதுகாப்பானது. சங்கிலி கீச்சிடத் தொடங்கினால் உயவு தீர்ந்து சில காலம் ஆகிவிட்டது என்பது பொருள். அதற்கு முன்பே மீண்டும் இடுதல் நன்று.

மெழுகிடும் முறை

மெழுகு எண்ணெய்ப் பசையுள்ள உலோகத்தில் ஒட்டாது. எனவே முதன்முறை, தொழிற்சாலை மசகு உட்பட அனைத்தையும் நீக்க வேண்டும். சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயிலோ கனிம டர்பெண்டைனிலோ இட்டுக் குலுக்கி, நீர்மம் தெளிவாக வரும் வரை மாற்றிக் கழுவுவர். எஞ்சிய படலம் சாராவியால் நீக்கப்பட்டுச் சங்கிலி உலர்த்தப்படுகின்றது.

தூய்மையாக்கப்பட்ட பாரஃபின் மெழுகு ஒரு பாத்திரத்தில் இடப்பட்டு, அப்பாத்திரம் கொதிநீர் உள்ள மற்றொரு பாத்திரத்தில் வைத்து உருக்கப்படுகின்றது. நிறமும் நறுமணமும் சேர்த்த மெழுகுவத்திகள் தவிர்க்கப்படுகின்றன. சங்கிலியைக் கம்பியில் கோத்து அமிழ்த்தி, மெழுகின் வெப்பநிலையை அது அடையும் வரை ஏறத்தாழ பத்து நிமிடம் வைத்திருந்து, காற்றுக் குமிழிகள் வெளிவருவது நிற்கும் வரை அசைக்க வேண்டும். பின்னர் மெழுகைச் சற்று ஆறவிட்டு எடுத்தால் உள்ளே மிகுதியாகத் தங்கும். தொங்கவிட்டு ஆறியபின், விறைத்திருக்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாக மடக்கித் தளர்த்தி வண்டியில் மாட்டலாம். அடுத்த முறைகளில் கரைப்பான் தேவையில்லை. கொதிநீரில் அலசி உலர்த்தினாலே பழைய மெழுகும் அழுக்கும் நீங்கிவிடும்.

ஒருமுறை இட்ட மெழுகு உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 300 கி.மீ. வரை பயன்தரும். மழையில் நனைந்தால் அன்றே உலர்த்தி மீண்டும் மெழுகிட வேண்டும். இல்லையேல் உட்புறம் துருப்பிடிக்கும்.

எச்சரிக்கை: மெழுகை நேரடியாக நெருப்பின் மேல் வைத்து உருக்குதல் ஆபத்தானது. தீப்பற்றிய மெழுகின் மேல் நீர் ஊற்றினால் அது வெடித்துச் சிதறும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுவதே முறையாகும். மண்ணெண்ணெய், டர்பெண்டைன், சாராவி ஆகியவற்றைக் கொண்டு கழுவும் பணியை அடுப்பின் அருகில் செய்யக்கூடாது.

சங்கிலியை மீண்டும் மாட்டும்போது இணைப்புக் கண்ணி சரியாகப் பூட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும். கியர் இல்லாத சங்கிலிகளில் செயின் லாக் எனப்படும் கவ்வியின் மூடிய முனை, சங்கிலி நகரும் திசையை நோக்கி இருத்தல் வேண்டும். மெல்லிய கியர்ச் சங்கிலிகளின் இணைப்புக் கண்ணிகளுள் சில ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத்தக்கவை.

தேய்வை அளத்தல்

புதுச் சங்கிலியில் 24 கண்ணிகளின் நீளம், முளையின் நடுவிலிருந்து முளையின் நடுவரை, 304.8 மி.மீ. (12 அங்குலம்) ஆகும். எஃகு அளவுகோலால் இதனை அளக்கலாம்.

* 306.3 மி.மீ. (0.5 விழுக்காடு): 11, 12 கியர்ச் சங்கிலிகளை மாற்ற வேண்டிய நிலை.
* 307.1 மி.மீ. (0.75 விழுக்காடு): 10 அல்லது அதற்குக் குறைந்த கியர்ச் சங்கிலிகளை மாற்ற வேண்டிய நிலை.
* 307.8 மி.மீ. (1 விழுக்காடு): கியர் இல்லாத சங்கிலிகளை மாற்ற வேண்டிய நிலை.

சுற்றுச்சூழல்

கழுவிய மண்ணெண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டக்கூடாது. மூடிய குப்பியில் சில நாள் வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மீண்டும் பயன்படுத்தலாம்.

சில உயவெண்ணெய்களில் டெஃப்லான் என்ற பெயரால் அறியப்படும் பாலிடெட்ராஃபுளோரோஎத்திலீன் சேர்க்கப்படுகின்றது. இது இயற்கையில் எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்களின் குழுவைச் சார்ந்தது. 2023 ஆம் ஆண்டு சனவரியில் செருமனி, டென்மார்க்கு, நெதர்லாந்து, நோர்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகள் இக்குழுச் சேர்மங்களுக்கு ஐரோப்பாவில் கட்டுப்பாடு கோரும் முன்மொழிவை அளித்தன. இச்சேர்மங்கள் இல்லாத எண்ணெய்களும் மெழுகுகளும் கிடைக்கின்றன.

இவற்றையும் பார்க்க

* மிதிவண்டி
* உராய்வு
* பற்சக்கரம்
* பாரஃபின் மெழுகு