தகவல் தேர்ச்சி: கல்லூரி நூலகக் கல்வியும் கலைச்சொல்லும்

தகவலைத் தேடவும் மதிப்பிடவும் கல்லூரி நூலகத்தின் வாயிலாகக் கற்பிக்கும் முயற்சி, அதனைக் குறிக்க இன்று வழங்கும் ஆங்கிலத் தொடரினும் மூத்தது. அத்தொடரைத் தமிழாக்க முற்படுவோர்க்கு இம்முயற்சியின் வரலாறு துணைபுரியும்.

அமெரிக்காவின் டிட்ராய்ட் நகரில், வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மான்டீத் கல்லூரியில் 1960 முதல் 1962 வரை பெட்ரீசியா நாப் ஓர் ஆய்வுத் திட்டத்தை நடத்தினார். அக்காலத்தில் நூலகக் கல்வி, புதிய மாணவருக்கு நூலகத்தைச் சுற்றிக் காட்டுதல், பட்டியல் அட்டைகளை விளக்குதல் என்னும் அளவிலேயே பெரும்பாலும் நின்றது. அறிவு எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது என்பதை உணர்ந்தாலன்றி மாணவர் நூலகத்தை நன்கு பயன்படுத்த இயலாது என நாப் கருதினார். எனவே நூலகப் பயிற்சிகளைப் பாடத்திட்டத்தினுள்ளேயே அமைக்க முயன்றார். இதற்கு ஆசிரியரின் ஒத்துழைப்பு இன்றியமையாததாயிற்று.

இந்தியானா மாநிலத்தின் எர்லம் கல்லூரியில் இக்கருத்து நிலைபெற்ற நடைமுறையாயிற்று. அங்கு 1962 முதல் 1994 வரை நூலகத் தலைவராக விளங்கியவர் இவான் ஃபார்பர். மாணவர் ஒரு பாடத்திற்குக் கட்டுரை எழுதவேண்டிய தேவை எழும்போதே அதற்குரிய நோக்கு நூல்கள் விளக்கப்பெற்றன. தேவை முன்னும் கற்பித்தல் பின்னும் அமைந்தன.

இன்று வழங்கும் ஆங்கிலத் தொடர் 1974இல் தகவல் தொழில்துறைச் சங்கத் தலைவர் பால் சர்கோவ்ஸ்கியால் ஆளப்பட்டது. பணியிடத்தில் தகவல் மூலங்களைக் கையாளும் திறனையே அவர் முதன்மையாகக் கருதினார். 1989இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு, தேவையை உணர்தல், தேடிக் கண்டறிதல், மதிப்பிடுதல், பயன்படுத்தல் என அதன் பொருளை வரையறுத்தது. 2000இல் கல்லூரி நூலகங்களுக்கென ஐந்து தரநிலைகள் வகுக்கப்பட்டன. 2016இல் அவை கைவிடப்பட்டு, ஆறு அடிப்படைக் கருத்துகளைக் கொண்ட சட்டகம் அவற்றின் இடத்தைப் பெற்றது. திறன்களின் பட்டியலிலிருந்து புரிதலுக்கு நகர்ந்த இம்மாற்றம், நாப் வலியுறுத்திய நெறிக்கு அணுக்கமானது.

இவ்வரலாற்றை நோக்க, 'தகவல் எழுத்தறிவு' என்னும் நேர்பெயர்ப்பு, ஒருமுறை கற்றால் முற்றுப்பெறும் தொடக்கக் கல்வியையே நினைவூட்டும். 'தகவல் தேடல்' ஒரு கூறினை மட்டுமே சுட்டும். 'தேர்' என்னும் வினையடி ஆராய்தல், தெரிந்தெடுத்தல் ஆகிய இருபொருளும் தருதலின் 'தகவல் தேர்ச்சி' என்பது கருதத்தக்கது. தேர்வில் வெற்றி பெறுதலையும் இச்சொல் இன்று குறித்தலின் சிறிது மயக்கம் நேரலாம். எனினும், மதிப்பிடுதலை உள்ளடக்காத எச்சொல்லும் நூலகங்கள் கற்பிக்க முயன்றதன் பாதியையே பெயர்த்ததாகும்.