பின்லாந்திலிருந்து போடிமெட்டு வரை

இதயத் துடிப்பைக் கொண்டு உழைப்பை அளக்கும் கணக்கை 1957-இல் பின்லாந்தின் உடலியல் அறிஞர் மார்ட்டி கார்வோனன் கொடுத்தார். உச்சத் துடிப்பு 180, ஓய்வுத் துடிப்பு 60 என்றால் மிச்சம் 120. அதில் 60 முதல் 70 சதவீதத்தை எடுத்து ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 132 முதல் 144. இன்று சைக்கிள்காரர்கள் ‘ஜோன் டூ’ என்று சொல்லும் மெதுவான பயிற்சி மண்டலத்தை இப்படியும் கணக்கிடலாம்.

மிதித்துக்கொண்டே நாடி பிடித்துப் பார்க்க முடியுமா? அதே நாட்டின் போலார் நிறுவனம் 1982-இல் மார்புப் பட்டையிலிருந்து கைக்கடிகாரத்துக்குத் துடிப்பைக் கம்பியில்லாமல் அனுப்பிக் காட்டியது. பிறகு ஜெர்மனியின் உல்ரிச் ஷோபரர் மிதிவிசையையே வாட்டில் அளக்கும் பவர் மீட்டரைச் செய்தார். அமெரிக்காவின் ஆண்ட்ரூ காகன் அந்த வாட்டை ஏழு ஜோன்களாகப் பிரித்தார்.

எங்கோ பிறந்த இந்த அளவு, கம்பம் பள்ளத்தாக்குக்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது. ஆடிக் காற்று கம்பம் கணவாய் வழியாகப் பாய்கிறது. தேனியைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பதும் அதை நம்பித்தான். தேனியிலிருந்து உத்தமபாளையம் வழியாகக் கம்பத்துக்குப் போகும்போது காற்று முகத்தில் அறையும். மணிக்கு இருபது கிலோமீட்டரே பெரும்பாடு. திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். முப்பது சும்மா வரும். வேகத்தைப் பார்த்து மிதிப்பவர் போகும்போது செத்துப்போவார், வரும்போது சோம்பிவிடுவார். வாட் அப்படி ஏமாற்றாது. இருபது நிமிடம் முழுமூச்சாக மிதித்து வரும் சராசரி 200 வாட் என்றால், அதில் 95 சதவீதமான 190-ஐ உங்கள் வாசலாக, அதாவது நீடித்துத் தாங்கக்கூடிய உச்சமாக, வைத்துக்கொள்ளலாம். ஜோன் டூ அதில் 56 முதல் 75 சதவீதம்; சுமார் 106 முதல் 142 வாட். போக, வர, இரண்டுக்கும் அதே எண்தான்.

பவர் மீட்டர் விலை எல்லோருக்கும் கட்டாது. மார்புப் பட்டை போதும். ஆனால் 220-இல் வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கண்டுபிடிக்கும் கணக்கை நம்பி மண்டலம் போட வேண்டாம். ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேல்கூடத் தப்பும். சித்திரை வெயிலில் அதே வாட்டுக்கே துடிப்பு ஏறிக்கொண்டே போகும். அன்றைக்குத் துடிப்பின் பேச்சைக் கேட்டு மிதியைக் குறைப்பதே சரி.

முந்தல் தாண்டிப் போடிமெட்டு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகள் வேறு வகை. சிறிய கியர் இல்லாத சைக்கிளில் அங்கே ஜோன் டூவில் நிற்பது நடக்காத காரியம். சரிவே உங்களை நான்காம் ஜோனுக்குத் தள்ளிவிடும். நல்ல நெடுந்தூர வீரர்களின் பயிற்சியில் பத்துக்கு எட்டுப் பங்கு மெதுவானது என்று விளையாட்டு அறிவியல் ஆய்வாளர் ஸ்டீபன் செய்லர் எடுத்துக்காட்டினார். அந்த எட்டுப் பங்குக்குத் திராட்சைத் தோட்டங்களை ஒட்டிய கம்பம் சாலை. மீதிக்குப் போடிமெட்டு, வாரம் ஒரு தடவை.