மடிக்கணினியும் மனுவும்

தமிழில் கணினியின் வரலாறு என்று எழுதப்படுவது பெரும்பாலும் எழுத்துருக்களின் வரலாறாகவே இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாடு, அதையொட்டி அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, டாம், டாப் குறியேற்றங்கள், பிறகு யூனிகோடு. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கணினி யார் வீட்டில் இருந்தது என்ற கேள்வி அதில் அநேகமாக எழுவதில்லை. உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை இந்த வரலாறு 2012இல்தான் தொடங்குகிறது.

2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டத்தில், கல்லூரி மாணவனாக எனக்கு ஒரு மடிக்கணினி கிடைத்தது. அரசு மொழியில் அது 'விலையில்லா' மடிக்கணினி. தெருவின் மொழியில் 'ஓசி லேப்டாப்'. மூடியில் முதல்வர் படம். உள்ளே விண்டோஸ், கூடவே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். முந்தைய ஆட்சி கொடுத்த கலர் டிவி பக்கத்தில் அதை வைத்து, அம்மா மஞ்சள் குங்குமம் இட்டாள். "பஸ்ல எடுத்துனு போய் ஒடச்சினு வராத" என்று சொல்லிவிட்டதால் அது வீட்டிலேயே கிடந்தது. அதனால்தான் பத்தாவது படித்த என் தங்கச்சி கைக்கு வந்தது.

இங்கே மனு என்ற பிரதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். வீட்டுமனைப் பட்டா கேட்டு மனுக் கொடுக்க, அலுவலக வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்குவார். தாத்தா குடிசை போட்டது, கூரை எரிந்தது, மறுபடி கட்டியது என்று அப்பா வாயால் சொல்வதெல்லாம் தாளில் 'மேற்படி இடத்தில் நெடுங்காலமாக' என்ற மூன்று சொற்களாகச் சுருங்கிவிடும். எழுத்தின் அதிகாரம் என்று நாம் கோட்பாடாகப் பேசுவதை அப்பா ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து அனுபவித்தார்.

விசைகளில் இருந்தது ஆங்கில எழுத்து மட்டும். பிரவுசிங் சென்டரில் என்.எச்.எம். ரைட்டரைப் பென்டிரைவில் இறக்கி வந்தேன். தமிழ் எம்.ஏ. வரை படித்த நான் இன்றும் ஆங்கில ஒலி வழியாகத்தான் 'அம்மா' என்று அடிக்கிறேன். தங்கச்சியோ தமிழ்99ஐப் பிடித்துக்கொண்டாள்: இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். அப்பா சொல்லச் சொல்ல, நடுநடுவே கரண்ட் போக, மூன்று இரவுகளில் ஒரு மனுவை அடித்தாள். எரிந்த கூரையும் அதில் இருந்தது. வாசித்துக் காட்டியபோது அப்பா சொன்னது: "இது நான் பேசுன மாரியே கீதே."

எங்கள் ஊர்ப் பெருமை என்று எல்லோரும் காட்டுவது வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் குடவோலைக் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921). கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் வாரியத்தில் இருக்கக் கூடாது என்ற விதி இன்றைக்கும் வியக்க வைப்பதுதான். ஆனால் ஓலையில் பெயர் எழுதப்படவே கால்வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி வேண்டும். அது பிராமண சபை. நிலத்தில் உழைத்தவர்களுக்குக் குடத்தில் ஓலை இல்லை. பெண்களுக்கும் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து அப்பாவின் மனு கேட்டதும் அதே சொந்த மனையைத்தான்.

தேர்தல் இலவசங்களுக்கு எதிரான வழக்கில், 2013 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் இத்தகைய வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகா என்றது. ஆனால் அவை நேர்மையான தேர்தலின் வேரை அசைப்பதாகவும் சொன்னது. இலவசத்துக்கு எதிரான நடுத்தர வர்க்கச் சொல்லாடல் இந்த இரண்டாவது பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. மூடியில் தலைவர் படத்தை ஒட்டி, குடிமக்களைப் பயனாளிகளாக்கும் அரசை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கொடுத்தவரின் நோக்கத்தோடு பொருளின் வரலாறு முடிந்துவிடுவதில்லை. அதை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அந்த மடிக்கணினி பேட்டரி செத்துப் பரண்மேல் கிடக்கிறது. அந்த மனுவுக்குப் பிறகு தெருவில் பதினோரு வீட்டுக்குத் தங்கச்சி மனு அடித்துக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை.