பெர்னார்ட் மெண்டி

பெர்னார்ட் மெண்டி (பிறப்பு: 20 ஆகஸ்ட் 1981, எவ்ரே) பிரான்சின் முன்னாள் கால்பந்துத் தடுப்பாட்டக்காரர், பயிற்சியாளர். பிரான்சிலிருந்து ஒரு தேசிய அணி வீரர் வந்து தமிழ்நாட்டு அணிக்கு மூன்று பருவங்கள் ஆடியது அரிது. பெஞ்சமின், ஃபெர்லான் என்று பிரெஞ்சுக் கால்பந்தில் மெண்டிகள் பலர் இருப்பதால் செய்திகளில் பெயர்க் குழப்பம் வருவதுண்டு.

கான் கழகத்தில் வளர்ந்து 2000-இல் பாரி சாங் ஜெர்மைனில் (பி.எஸ்.ஜி.) சேர்ந்தார். வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர் (ரைட் பேக்), ஆனால் பேர் வாங்கித் தந்தது ஓட்டம்தான். 2004 மே 20-இல் பிரேசிலுக்கு எதிரான ஆட்டத்தில் ரொபேர்த்தோ கார்லோசையே ஓடி முந்தினார். அவ்வளவு செய்தும் அந்த ஆண்டு யூரோ கோப்பை அணியில் இடமில்லை. தேசிய அணிக்கு ஆடியது மொத்தம் மூன்றே ஆட்டங்கள். பி.எஸ்.ஜி.யில் 2004, 2006 பிரெஞ்சுக் கோப்பைகளும் 2008 லீக் கோப்பையும் வென்றார். இடையில் 2002-03 பருவத்தில் இங்கிலாந்தின் போல்ட்டனுக்கு இரவலாகப் போய்வந்தார்.

2008-இல் இங்கிலாந்தின் ஹல் சிட்டி. அது அந்த அணியின் முதல் பிரீமியர் லீக் பருவம். நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 4-3 என்று தோற்ற ஆட்டத்தில், எதிரணி கோல்கீப்பர் வான் டெர் சார் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போட்டு ஒரு கோல் அடித்தார். பிறகு டென்மார்க்கின் ஓடென்ஸ், அடுத்துப் பிரான்சின் பிரெஸ்ட்.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார். மார்க்கோ மாத்தெராட்சி அங்கே ஆட்டக்காரர், பயிற்சியாளர் இரண்டும். சக பிரெஞ்சுக்காரர் மிக்கேல் சில்வெஸ்ட்ரும் அதே அணி. முதல் பருவத்தில் பட்டியலில் முதலிடம் பிடித்தும் அரையிறுதியில் கேரளாவிடம் தோற்றார்கள். 2015-இல் பருவத்தின் நடுவே கடைசி இடத்தில் கிடந்த அணி எழுந்து வந்தது. சென்னை வெள்ளத்தால் சொந்த மண் அரையிறுதி புனேவுக்கு மாறியது. அங்கே கொல்கத்தாவை 3-0 என வென்றார்கள். டிசம்பர் 20, கோவாவின் ஃபட்டோர்டாவில் நடந்த இறுதியாட்டத்தில் 87-ஆவது நிமிடம் கோவா 2-1 என முந்தியது. கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் சுய கோலும் சென்னை வீரர் மெண்டோசாவின் கோலும் அடுத்தடுத்து விழ, 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. மெண்டி ஆட்டக்காரராக வென்ற லீக் பட்டம் அது ஒன்றே. பிரான்சில் அவரைப் பற்றி எழுதுபவர்கள் சென்னையை ஒரு வரியில் தாண்டுவது சரியல்ல. 2016-இல் அணி ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. அத்துடன் அவரது சென்னைக் காலம் முடிந்தது.

ஓய்வுக்குப் பின் பி.எஸ்.ஜி. பெண்கள் அணியின் உதவிப் பயிற்சியாளரானார். 2018 மே மாதம் தலைமைப் பயிற்சியாளர் பத்ரிஸ் லேர் விலக, பொறுப்பு இடைக்காலமாக இவர் கைக்கு வந்தது. மே 31, ஸ்ட்ராஸ்பூரில் பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டம். எதிரே லியோன்: தொடர்ந்து ஆறு ஆண்டுகள் அக்கோப்பையை வைத்திருந்த அணி, ஒரு வாரம் முன்புதான் சாம்பியன்ஸ் லீக்கையும் வென்றிருந்தது. புயல்மழையால் தடைபட்ட அந்த ஆட்டத்தில் கட்டோட்டோவின் ஒரே கோலால் பி.எஸ்.ஜி. வென்றது. 2010-க்குப் பிறகு அக்கழகப் பெண்கள் வென்ற முதல் கோப்பை அதுதான்.